கிரைண்டர் மட்டும் வடவள்ளிக்குக் குடிபோன விவரம்

மாரியம்மன் துணை

சிங்காநல்லூர்,
கோயமுத்தூர்.
கார்த்திகை மாதம், 1995

மாப்பிள்ளை பாலகோபால் அவர்களுக்கு உங்கள் அக்காள் வீட்டுக்காரன் மாசாணம் எழுதும் கடிதம். இங்கே நானும் பொற்கொடியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். என் காது மட்டும் மில்லில் கெட்ட அளவோடு நிற்கிறது, மேற்கொண்டு மோசமில்லை. அங்கே நீங்களும் தங்கச்சி சாந்தாமணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்றும், மஞ்சள் மண்டித் தூசியில் உங்களுக்கு வரும் தும்மல் இந்த மழைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். குசலம் இத்தோடு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அக்காளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கடல் வேண்டுமா, வடவள்ளி வேண்டுமா? இவ்வளவுதான் கேள்வி. கூடவே குடித்தனம் நடத்துகிற மனுசன் கேட்டால் ஆகாதா, அதற்கு ஈரோட்டிலிருந்து ஒருத்தர் வர வேண்டுமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நான் கேட்காத விதம் இல்லை. அவள் பதில் சொல்லாமலும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: "உங்க இஷ்டமுங்க."

ஆடி மாதம் நான் மில்லிலிருந்து ரிடையர் ஆனதும், தைப்பொங்கலுக்குள் மில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். போக்கிடம் இல்லாமல் இல்லை. இரண்டு இருக்கிறது, அதுதான் தொல்லை. மெட்ராசில் திருவான்மியூரில் நம் அன்புமணி குடியிருக்கிற வீட்டுக்கு மாடியில் ஒரு சின்னப் போர்ஷன் காலியாகியிருக்கிறது. "அப்பா, நீங்களும் அம்மாவும் அதுக்கு வந்துருங்க, நடந்தா கடலு" என்று பையன் போனில் சொல்கிறான். இந்தப் பக்கம் வடவள்ளியில், முன்பு மில்லுக்கு எதிரில் லேத் பட்டறை வைத்திருந்த என் சிநேகிதர் ரசாக் புதிதாக வீடு கட்டிக் குடிபோயிருக்கிறார். அவர் காம்பவுண்டுக்குள்ளேயே பின்பக்கம் இன்னொரு சின்ன வீடு இருக்கிறது. "மேஸ்திரி, அதுல ஆரையோ கொண்டாந்து வெக்கறதுக்குப் பதிலா நீங்க வந்தீங்கன்னா எனக்குப் பேச்சுத்துணைங்க" என்கிறார். எதுவானாலும் கடைசி வரைக்கும் இருக்கப் போகிற இடம். மறுபடியும் மூட்டை கட்டுகிற தெம்பு எங்களுக்கு இல்லை. ஆகவே அவளுக்கு எது பிடிக்குமோ அதையே செய்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். கலியாணம் ஆன நாளிலிருந்து என் ஷிப்டு எப்படிச் சுற்றியதோ அப்படியே அவளும் சுற்றியிருக்கிறாள். அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் செக்சனில் நின்று வேலை செய்துவிட்டு வந்து வீட்டிலும் நின்றுகொண்டே வேலை செய்தவள். இந்த ஒரு விஷயமாவது அவள் சொல்லி நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல்முறை கேட்டபோது ராகிக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். "அம்மணி, உனக்கு எந்த ஊரு புடிக்குது?" என்றேன். "உங்களுக்கு எது புடிக்குதோ அதுங்க" என்றாள். "எனக்கு, உனக்குப் புடிச்சது புடிக்கும்" என்றேன். "எனக்கும் அப்பிடித்தானுங்க" என்றாள். அதற்குள் களி அடிப்பிடித்துவிட்டது. இன்னொரு நாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அப்பிடியே ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். எது ஆகட்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, நாமாவது இரண்டு ஊரைப் பற்றியும் விசாரித்து வைப்போம் என்று தோன்றியது. நானோ கடலை நேரில் பார்த்ததில்லை. சந்தையில் மீன் விற்பவரிடம், "ஏனுங்க, கடலு எப்பிடீங்க இருக்கும்?" என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தெரீலீங்களே. நம்முளுது குளத்து மீனுங்க" என்றார். பக்கத்துக் கடைக்காரர் உப்பு மூட்டையைக் காட்டி, இது அங்கேயிருந்துதான் வருகிறது, அதற்கு மேல் தனக்கும் தெரியாது என்றார். மில்லில் புதுப் பஞ்சு வந்தால் முதலில் ஒரு மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். அது மாதிரி பொற்கொடியை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போய்த் தங்கவைத்து, அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினேன்.

சேரன் எக்ஸ்பிரசில் போனோம். மெட்ராஸ் தண்ணீரில் பருப்பு வேகாது என்று யாரோ சொன்னார்களாம், அவள் இரண்டு பெரிய கேன் நிறையச் சிறுவாணித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். ஈரோட்டில் ஒரு பெரியவர் ஏறி எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறந்தது பீளமேடு, ரொம்ப வருசமாக இருப்பது மெட்ராசில். கேனைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஏனுங்க, அது நம்மூர்த் தண்ணிங்களா?" என்றார். ஒரு டம்ளர் கொடுத்தோம். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் அடுத்த பெட்டியிலிருந்த தன் சம்சாரத்தைக் கூட்டிவந்தார். அந்தம்மாள் தன் தங்கையைக் கூட்டிவந்தார். எல்லாரும் "போதுமுங்க, போதுமுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு டம்ளரும் குடித்தார்கள். வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது. சேலம் தாண்டுவதற்குள் இரண்டு கேனும் காலி. சென்ட்ரலில் இறங்கியதும், தண்ணீர் லாரி வரும்போது பிடித்துவைக்க வசதியாக இருக்கும் என்று அன்புமணி அந்தக் காலிக் கேன்களைத்தான் முதலில் சந்தோசமாக வாங்கிக்கொண்டான்.

ஸ்டேசன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவரிடம் போய், "ஏனுங்க, திருவான்மியூர் போகோணுமுங்க, வாரீங்களா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா பெர்சு, நக்கலா?" என்றார். "இல்லீங்க, நெசமாத்தான் கேக்கறனுங்க" என்றேன். நான் மரியாதை கொடுக்கக் கொடுக்க அவருக்குக் கோபம் ஏறியது. கடைசியில் அன்புமணி வந்து, "ஏம்ப்பா, வரியா இல்லியா?" என்றதும் மனுசர் சாந்தமாகி, எங்கள் பையையெல்லாம் அவரே தூக்கி வைத்தார்.

மறுநாள் விடியும்போது கடலுக்குப் போனோம். மாப்பிள்ளை, அது பெரிது என்று சொல்லியிருக்கிறார்கள், நீலம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது சத்தம் போடும், அதுவும் நிறுத்தாமல் போடும் என்று யாரும் எனக்கு முறையாகச் சொல்லவில்லை. எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் டிபார்ட்மெண்டில் எல்லா மெஷினும் சேர்ந்து ஓடும்போது ஒரு இரைச்சல் வருமே, கிட்டத்தட்ட அதேதான். நான் நின்று காது கொடுத்துக் கேட்டேன். எங்கேயும் நூல் அறுந்த மாதிரித் தெரியவில்லை. வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஏனுங்க, இது எப்ப நிக்குமுங்க?" என்று விசாரித்தேன். "அது இன்னாத்துக்கு நிக்கணும்?" என்றார். எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. மணலில் உட்கார்ந்தேன், அதுதான் தெரியும். ரிடையர் ஆனதிலிருந்து தூக்கமே இல்லை என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் வெயில் மண்டையைச் சுடுகிறது, கழற்றி வைத்த செருப்பு இரண்டையும் அலை கொண்டுபோய்விட்டது, பொற்கொடி தண்ணீருக்குள் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். கிட்டப் போய், "பயமா இருக்குதா?" என்றேன். "இல்லீங்க" என்றாள். "புடிச்சிருக்குதா?" என்றேன். "உங்க செருப்பு போயிருச்சுங்களே" என்றாள்.

தினமும் போனோம். தினமும் நான் தூங்கினேன். மற்ற நேரமெல்லாம் வியர்த்தேன். அந்த ஊரில் எல்லாம் துருப்பிடிக்கிறது, மாப்பிள்ளை. ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர், பூட்டு, சாவி, எதையும் விடவில்லை. நாம் இங்கிருந்து வாங்கிக் கொடுத்த கிரைண்டரின் கால்கூட உதிர்கிறது. மருமகள் கிருபா அதற்கு அடியில் செங்கல் கொடுத்து மாவு ஆட்டுகிறாள். பொற்கொடி அந்தக் கிரைண்டரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஆக, இவளுக்கு இந்த ஊர் ஆகாது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த கையோடு வடவள்ளிக்குப் போய் ரசாக்கின் அந்தப் பின்பக்கத்து வீட்டில் தங்கினோம். காற்று என்றால் அதுதான் காற்று. வாசலில் நின்றால் மருதமலை தெரிகிறது, குழாயில் சிறுவாணி வருகிறது, சுற்றிலும் ஒரு சத்தம் கிடையாது. அந்தக் கடைசி விஷயம்தான் வினையாகப் போயிற்று. முதல் நாள் குளித்துவிட்டு வந்து, "துண்டை எங்கே வெச்சே?" என்று கேட்டேன். "கொடியில கெடக்குதுங்க" என்று அவள் பதில் சொன்னாள். லைன் வீட்டில் நாங்கள் பேசுவதே இந்தச் சத்தத்தில்தான். மில்லுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், அதனால் அது சத்தம் என்றே யாருக்கும் தெரியாது. வடவள்ளியில் எதிர்வீட்டு வாத்தியார் கையில் பேப்பரோடு தெருவுக்கு ஓடிவந்தார். ரசாக்கின் வீட்டம்மா பக்ருன்னிசா பொற்கொடியைத் தனியாக அழைத்து, "ஏனக்கா, அண்ணன் காலைலயே குடிச்சுப்போட்டாருங்களா?" என்று விசாரித்தார். டீக்கு மேல் எதுவும் குடித்தறியாதவன் நான்.

அப்புறம் மெதுவாகப் பேசிப் பார்த்தோம். அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் மெஷின் ஓட்டத்தில் பேசிக்கொள்கிற கைஜாடையை எடுத்துக்கொண்டோம். தண்ணீருக்கு ஒரு ஜாடை, சாப்பாட்டுக்கு ஒரு ஜாடை; மேனேஜர் வருகிறார் என்பதற்கு வைத்திருந்ததை ரசாக் வருகிறார் என்பதற்கு வைத்துக்கொண்டோம். இதை ஜன்னல் வழியாகப் பார்த்த வாத்தியார், எங்கள் இரண்டு பேருக்கும் வாய் பேச வராது, பாவம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முந்தின நாள் அப்படிக் கத்தியவர்கள் எப்படி ஊமையானார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கோ மத்தியானம் கண்ணை மூடினால் அந்த அமைதி காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய டேபிள் பேனைச் சுவரோடு ஒட்டிவைத்துக் கடகடவென்று ஓடவிட்டுப் படுத்தேன். கார்த்திகைக் குளிரில் பேன் போட்டதால் பொற்கொடிக்குச் சளி பிடித்துக்கொண்டது. அப்படியும் அவள் அங்கே முகம் சுளிக்கவில்லை. பக்ருன்னிசாவும் அவளும் துணி காயப்போட்டுக்கொண்டே பேசிச் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, அவளுக்கு வடவள்ளி என்று எனக்குப் பட்டது. எனக்குக் கடல் என்பதும் அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். நான் ஆசைப்படுகிறேன் என்று தெரிந்தால் அவள் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவாள்; அவளுக்குப் பிடித்திருந்ததா என்பது கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் அவள் காதுபட வடவள்ளியை ஓயாமல் புகழ்ந்தேன். என்ன காத்து, என்ன தண்ணி, என்ன மனுசங்க என்றேன். அவளும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள்.

கடைசியில் மாரியம்மனிடமே பூக் கேட்டுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும், எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதை மனசுக்குள் மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் கடல், நுரை வெள்ளையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தால் வடவள்ளிச் செம்மண். பூசாரி பிரித்தார். வெள்ளை. எனக்கு உள்ளுக்குள்ளே மேளம் அடித்தது, மாப்பிள்ளை. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு பொற்கொடியைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "அம்மனே சொல்லிப்போட்டா, அப்புறம் என்னங்க, ஆகற வேலையைப் பாக்கலாமுங்க" என்றாள்.

மறுநாள் நான் ஸ்டேசனுக்குப் போய் மெட்ராசுக்கு டிக்கெட் போட்டேன், பையனுக்குப் போன் செய்தேன், வருகிற வழியில் டவுன்ஹாலில் ரசாக்கைப் பார்த்து வீடு வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லீங்க மேஸ்திரி, மகங்கிட்ட இருக்கறதுதானுங்க மொறை" என்றார். வீட்டுக்கு வந்தால் பொற்கொடியைக் காணோம். எங்கள் வீட்டுக் கிரைண்டரையும் காணோம், அது இருந்த இடத்தில் தரையில் ஒரு தடம் மட்டும் இருக்கிறது. சாயங்காலம் டெம்போவில் ரசாக் வந்து இறங்கினார், பின்னால் பொற்கொடி. "ஏனுங்க மேஸ்திரி, காலைல ஊடு வேண்டாம்னீங்க. நான் ஊட்டுக்குப் போனா உங்க கிரைண்டர் வந்து எறங்கியிருக்குது. உங்க ஊட்டம்மா பால் காய்ச்சி எங்க ஊட்டுக்கும் ஒரு டம்ளர் குடுத்துப்போட்டாங்க. கிரைண்டர் மட்டும் குடியிருக்கப் போகுதுங்களா?" என்றார்.

பொற்கொடி என்னைப் பார்த்து, "வெள்ளைன்னா வடவள்ளிதானுங்களே?" என்றாள். "அதெப்பிடி?" என்றேன். "ரசாக் அண்ணன் ஊடு வெள்ளையடிச்ச ஊடுங்க. கடல்ல காலைல சூரியன் செவப்பா வந்துதுங்கல்ல, அதனால அது செவப்புங்க" என்றாள். கேட்டால் அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ரசாக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் டெம்போவுல உக்காந்திருக்கறனுங்க" என்று வெளியே போய்விட்டார்.

பூசாரியிடம் ஓடினோம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அம்மன் குடுத்தது வெள்ளைப் பூவுங்க. அதுக்கு அர்த்தம் வெச்சது நீங்க ரெண்டு பேருங்க. இதுல அம்மன் மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றார். இன்னொரு முறை கேட்கலாமா என்றால், "ஒருக்காக் கேட்டதையே மறுக்காக் கேட்டா, அம்மனை நம்பலைன்னு ஆயிருமுங்க" என்று திரையை இழுத்துவிட்டார்.

இப்போது டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது, கிரைண்டர் வடவள்ளியில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் சிங்காநல்லூரில் பக்கத்து வீட்டில் மாவு வாங்கித் தோசை சுடுகிறோம். வெள்ளைக்கு அவள் வடவள்ளி என்று வைத்தது தெரிந்துவிட்டது. எந்தப் பூ வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள் என்பதுதான் தெரியவில்லை. அது என்னைப் போட்டு அரிக்கிறது, மாப்பிள்ளை. நூலைத் தொட்டுப் பார்த்தே எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுகிறவன் நான். இத்தனை காலம் கூட இருக்கிறவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்க வந்த மாதிரி வாருங்கள். நான் சந்தைக்குப் போகிறேன் என்று வெளியே போய்விடுகிறேன். கூடப் பிறந்தவரிடம் அவள் மறைக்க மாட்டாள். கடல் என்று சொன்னால் என் பாக்கியம். வடவள்ளி என்று சொன்னால் டேபிள் பேனைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்கிறேன், அதுவும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்டதாக மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. இந்தக் கவரை ஒட்டுவதற்கு அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன், மைதா பசை அவள் காய்ச்சினால்தான் ஒட்டுகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். நான் யாருக்கு என்ன எழுதினாலும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தங்கச்சி சாந்தாமணிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும். அம்மன் உங்கள் வீட்டில் இருவர் மனசிலும் எப்போதும் ஒரே நிறப் பூவாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மாசாணம்

பின்குறிப்பு: தம்பி பாலகோபாலுக்கு அக்காள் எழுதுவது. பசை ஆறுவதற்குள் படித்துவிட்டேன். உன் மச்சான் நீளமாக எழுதினால் அதில் நான்தான் இருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் எப்போதும் படித்துவிடுவேன், கேள்வி கேட்க என்ன இருக்கிறது. வடவள்ளி வடவள்ளி என்று அவர் ஓயாமல் சொன்னதால் அவருக்கு அதுதான் ஆசை என்று நினைத்தேன். எங்கே எனக்காக விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்றுதான் அவசர அவசரமாகக் கிரைண்டரை அனுப்பினேன். வெள்ளைப் பூ வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவருக்காகச் சிரித்தேன். எனக்குக் கடல்தான் வேண்டும், தம்பி. நான் இதைப் படித்தது தெரிந்தால் அவர் ரொம்பக் கூச்சப்படுவார். அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், உன் சொந்த யோசனை மாதிரியே "மெட்ராசுக்குப் போங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடு. நாங்கள் "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிடுகிறோம். கிரைண்டர் பக்ருன்னிசாவிடமே இருக்கட்டும். மகன் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காக நான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதுவரைக்கும் என் முன்னால் வந்து நின்றதெல்லாம் என்னிடம் ஏதாவது கேட்டுத்தான் நின்றிருக்கிறது. அத்தனை பெரிய தண்ணீர் வந்து வந்து போகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்து கொடுக்க வேண்டியதில்லை.